இரண்டாம் பாகத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா?

கேள்வி இதுதான்: “எங்கள் ஊர் காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. வனக்கோட்டத்துக்கு அடுத்த பத்து வருஷத் திட்டம் போடுகிறார்களாம். வரும் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வனச்சரக அலுவலகத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் சந்தை வேறு. போன தடவை போய் டீயும் மிக்சரும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டதோடு சரி. இந்தத் தடவை போவதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?”

உண்டு, போங்கள். ஆனால் நேராக 11 மணிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடியும் டீயும் மிக்சரும்தான். வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வரைபடம் போடவும் குறிப்பெடுக்கவும் சில வருஷங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன், சில சமயம் துறை கூப்பிட்டு, சில சமயம் ஊர் கூப்பிட்டு. அதனால் இரண்டு பக்கமும் எங்கே சறுக்குகிறது என்று ஓரளவு தெரியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் திட்டம் என்ன என்று பார்த்துவிடலாம். துறையில் எல்லாரும் ஒர்க்கிங் பிளான் என்றுதான் சொல்வார்கள். ஒரு வனக்கோட்டத்துக்கு ஒன்று, வழக்கமாகப் பத்து வருஷத்துக்கு. எங்கே நடுவது, எதை வெட்டுவது, மேய்ச்சலை எங்கே விடுவது எங்கே தடுப்பது, தடுப்பணை எந்த ஓடையில், தீத்தடுப்புக் கோடு எந்த வழியாக, எல்லாம் அதில் இருக்கும். இதற்கு இவ்வளவு பலம் வந்தது நம் பக்கத்து வழக்கு ஒன்றால். கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவில், மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த ஒர்க்கிங் பிளான்படி அல்லாமல் எந்த மாநிலமும் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை உங்கள் ஊருக்காகச் செய்யச் சொன்னால், நல்ல மனசுள்ள ரேஞ்சர்கூட “பிளான்ல இல்லையே” என்று கையை விரிப்பார். அவர் சொல்வது சாக்குப்போக்கு மட்டும் இல்லை.

அந்தப் புத்தகத்துக்கு இரண்டு பாகம். முதல் பாகம் இருப்பதைச் சொல்லும்: மண், மழை, பாறை, மரவகை, சுற்றி எத்தனை ஊர், எத்தனை மாடு, விறகு எவ்வளவு வெளியே போகிறது, போன திட்டம் என்ன ஆனது. இரண்டாம் பாகம் செய்யப்போவதைச் சொல்லும்: எந்தக் கம்பார்ட்மென்ட்டில் (காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து எண் போட்டிருப்பார்கள், அதில் ஒரு துண்டு), எந்த வருஷம், என்ன வேலை. நான் பார்த்தவரை மக்கள் கூட்டத்தில் பேசியது எல்லாம் முதல் பாகத்தில் போய் மரியாதையாக உட்கார்ந்துகொள்கிறது. “இக்கிராம மக்கள் விறகு, மேய்ச்சல் ஆகியவற்றுக்கு வனத்தைச் சார்ந்துள்ளனர்” என்று ஒரு வரி, கூட்டத்தின் போட்டோ ஒன்று, வருகைப் பதிவேட்டின் நகல். இரண்டாம் பாகத்தைத் திருப்பினால் அந்த ஊர் பெயரே இருக்காது. மக்கள் பங்கேற்பு நடந்ததா இல்லையா என்று என்னிடம் யாராவது கேட்டால், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கூட்டம் போட்டார்கள் என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. இரண்டாம் பாகத்தில் எந்த வரி மாறியது என்று மட்டும் பார்ப்பேன்.

அந்த வரி எப்போது மாறும்? புத்தகம் எழுதுவதற்கு முன்னால் பூர்வாங்க அறிக்கை ஒன்று தயாராகும். எந்தப் பரப்பு பாதுகாப்புக்கு, எது தோட்டம் போட, எது சிறு வனப்பொருளுக்கு என்று காட்டைப் பிரிப்பது கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு போடுகிற கருத்துக் கேட்பு, தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிற கதைதான். ஆகவே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, பூர்வாங்க அறிக்கை முடிந்துவிட்டதா, இல்லையா. மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 30 நாள்.

இன்னொன்று, உங்கள் ஊரை ஒட்டியிருப்பது சாதாரணக் காப்புக்காடா, சரணாலயமா, புலிகள் காப்பகமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புலிகள் காப்பகம் என்றால் திட்டமே வேறு, சட்டமும் வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38வி பிரிவில், வெளிவட்டப் பகுதியின் எல்லையைச் சம்பந்தப்பட்ட கிராம சபையையும் ஒரு நிபுணர் குழுவையும் கலந்துதான் முடிவு செய்யவேண்டும் என்று இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து “எங்கள் கிராம சபையைக் கலந்த தீர்மானம் எங்கே?” என்று கேட்க இந்த ஒரு பிரிவு போதும்.

அடுத்தது வரைபடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கூட்டம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். துறையின் வரைபடத்தில் கம்பார்ட்மென்ட் எண்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் எண் வராது, பெயர்தான் வரும்: கரடிப்பாறை, ஊத்துப்பள்ளம், பட்டிமேடு. ஒருவர் எழுந்து “ஊத்துப்பள்ளத்துல மரம் நடாதீங்க” என்பார், குறிப்பெடுப்பவர் “மரம் நடுவதற்கு எதிர்ப்பு” என்று எழுதிக்கொள்வார். ஒரு மலையடிவார ஊரில் இதைத் தவிர்க்கக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கோயில் திடலில் கோலமாவால் காட்டை வரையச் சொன்னோம். ஆண்கள் ரோட்டையும் கோயிலையும் யானை வரும் வழியையும் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். ஓரமாக நின்றிருந்த பாட்டி ஒருவர் வந்து, சித்திரை மாதம்கூடத் தண்ணீர் இருக்கும் மூன்று இடத்தில் புளியங்கொட்டை வைத்தார். அந்த மூன்றில் இரண்டு துறையின் வரைபடத்தில் இல்லை. அதைவிட முக்கியம், வரைவில் தடுப்பணை போட்டிருந்த ஓடைக்கும் அந்த ஊற்றுகளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஓடை ஐப்பசியில் இரண்டு வாரம் ஓடிவிட்டுக் காய்ந்து கிடப்பது. மறுநாள் வனக்காப்பாளர் ஒருவரைக் கையோடு கூட்டிப்போய் இடத்தைக் காட்டி, ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் கம்பார்ட்மென்ட் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டோம். அப்புறம் கூட்டத்தில் பேச அதிகம் இருக்கவில்லை. எண் போட்ட தாள் ஒன்று மேஜைமேல் இருந்தது, தடுப்பணை இடம் மாறியது.

உள்ளூர் அறிவு என்று சொன்னால் சிலர் அதை ஏதோ மரியாதைக்குக் கேட்டுக்கொள்கிற பாட்டிக் கதையாக நினைக்கிறார்கள். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், பிலிகிரி ரங்கன் மலையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே சோளகர் என்ற பழங்குடியினர் வறட்சிக்காலத்தின் ஆரம்பத்திலேயே, புல்லும் சருகும் முழுக்கக் காய்வதற்குள், சின்னதாகத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்று பெயர், சருகுத் தீ. தரையோடு ஓடி அணைந்துவிடும், மரத்தைத் தொடாது. 1974இல் சரணாலயம் ஆனபின் இது தடைபட்டது. காடு, தீ, குற்றம், அவ்வளவுதான் சமன்பாடு. அதற்குப் பிறகு உண்ணிச்செடி காட்டுக்குள் ஆள் நுழைய முடியாத அளவுக்கு மண்டியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறி மரம் பட்டுப்போக ஆரம்பித்தது. தீ இருந்தபோது இரண்டும் அடங்கியிருந்தன என்று சோளகர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் போய் அளந்து பார்த்து, இந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது என்று எழுதினார்கள். தீயை நிறுத்தியது மட்டும்தான் காரணமா என்பதில் இன்னும் வாதம் உண்டு, அது வேறு. ஆனால் திட்டம் போட்ட நாளில் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால், இதைச் சோதித்துப் பார்க்கவாவது இரண்டு கம்பார்ட்மென்ட் ஒதுக்கியிருக்கலாம். இப்போது உண்ணிச்செடியைப் பிடுங்கவே தனியாகத் திட்டமும் பணமும் வேண்டியிருக்கிறது. அந்தச் சோளகர்களுக்கு 2011இல் சமூக வன உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்திப் பராமரிக்கிற சட்ட உரிமை, கிடைத்தது, அதுவும் புலிகள் காப்பகத்துக்கு உள்ளேயே. நாட்டிலேயே அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சோளகர்களும் அதே ஜனம்தான், அவர்கள் கதைதான் வேறு.

அந்த வேறு கதையைச் சொல்ல, காட்டில் காலங்காலமாக வாழ்கிறவர்களின் உரிமையை ஒப்புக்கொள்கிற வன உரிமைச் சட்டத்துக்கு வரவேண்டும். 2006இல் நிறைவேறி 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 28 அன்று, தமிழ்நாட்டில் முதுமலை உள்ளிட்ட காப்பகங்களின் புலி வாழ்விடங்களை அறிவித்துவிட்டார்கள். தேதியைப் பார்த்து நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் இங்கே பட்டா கொடுப்பது 2016 வரை நின்றுபோனது. மற்ற மாநிலங்கள் எட்டு வருஷம் ஓடியபிறகு நாம் ஓட ஆரம்பித்தோம்.

ஆனால் சட்டம் கையில் இருக்கிறது, அதில் உங்களுக்கு வேண்டியது 2012இல் திருத்திய விதிகளில் 4ஆம் விதி. கிராம சபை அமைக்கிற குழு தன் சமூகக் காட்டுக்கு ஒரு பாதுகாப்பு, மேலாண்மைத் திட்டம் போடலாம். அதை வனத்துறையின் மைக்ரோ பிளானோடும் (ஊர் அளவில் போடுகிற சின்னத் திட்டம்) ஒர்க்கிங் பிளானோடும் சேர்க்கவேண்டும். சேர்க்கும்போது என்ன மாற்றம் தேவை என்பதை அந்தக் குழுதான் சொல்லும். இரண்டு தடவை படியுங்கள். மாற்றத்தை முடிவு செய்வது துறை இல்லை, ஊர்க் குழு. கருத்துக் கேட்புக்கு வந்தவரையே திட்டம் போடுகிறவராக மாற்றுகிற ஒரே வரி இதுதான், இதை எந்த நோட்டீஸிலும் பார்த்ததில்லை. ஆனால் முதலில் சமூக வன உரிமை கோரி மனு போட்டு, அது கோட்ட அளவுக் குழு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு என்று ஏறி வந்திருக்கவேண்டும். உங்கள் ஊர் அதைச் செய்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் கருத்துக் கேட்பைவிட அதுதான் பெரிய வேலை.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம்மிடம் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி கிடையாது, அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டமும் கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் நடக்கும் நம் கிராம சபை முழு ஊராட்சிக்கும் சேர்த்து நடப்பது. காட்டுக்குள் முப்பது குடும்பம் இருக்கிற குடியிருப்பு, கீழே மூவாயிரம் வாக்காளர் இருக்கிற ஊராட்சியில் கரைந்துபோகும். காட்டைப் பற்றிய தீர்மானத்தைக் கரும்பு போடுகிறவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். வன உரிமைச் சட்டத்தின் கிராம சபையைக் குடியிருப்பு அளவில் தனியாகக் கூட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். அதில் மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் இருக்கவேண்டும், வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தக் கணக்கு பதிவேட்டில் தெளிவாக இருக்கட்டும், பின்னால் யாரும் “கோரம் இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது.

“எங்களுக்குக் கிராம வனக்குழு இருந்ததே, அது போதாதா?” என்று கேட்பீர்கள். அதன் கதை சுருக்கமாக. வங்காளத்தில் அரபாரியில், 1970களின் ஆரம்பத்தில், அஜித் பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றியிருந்த 11 ஊர்க்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: சால் மரம் மறுபடி துளிர்க்கிறவரை நீங்கள் காவல் இருங்கள், வெட்டும்போது வருமானத்தில் கால் பங்கு உங்களுக்கு. சுமார் 1,270 ஹெக்டேர், 618 குடும்பம். காடு வந்தது. அதைப் பார்த்துதான் 1990 ஜூனில் மத்திய அரசு எல்லா மாநிலத்துக்கும் கூட்டு வன மேலாண்மை சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனில் காடு வளர்ப்புத் திட்டம் வந்து ஊருக்கு ஊர் கிராம வனக்குழு முளைத்தது. தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் பல இடங்களில் நன்றாகவே வேலை செய்தன, கிணற்றில் தண்ணீர் ஏறியதைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் குழுவின் செயலாளர் துறைக்காரர், வங்கிக் கணக்கில் ஒரு கையெழுத்து அவருடையது. குழுவை உண்டாக்கியதும் துறை உத்தரவு, கலைக்க முடிவதும் துறை உத்தரவு. திட்டப் பணம் நின்றதும் பெரும்பாலான குழுக்கள் பெயர்ப்பலகையாக மிஞ்சிவிட்டன. அந்தப் பலகையில் காக்காய் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது.

துறைப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒர்க்கிங் பிளான் அதிகாரிக்குக் கொஞ்சம் ஆட்கள், முழுக் கோட்டம், தலைக்குமேல் கெடு. அவர் காட்டைப் பற்றிக் கேட்கிறார், மக்கள் ரோடு, பஸ், ரேஷன், கரண்ட் என்று ஆரம்பிக்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, அந்த ஊருக்கு அந்த வருஷம் வந்த ஒரே கெஜட்டட் அதிகாரி அவராகக்கூட இருக்கலாம். ஆனால் பதினைந்து பேர் ரோட்டைப் பற்றிப் பேசி முடித்தால் மணி ஒன்றாகிவிடும், சாப்பாடு வந்துவிடும். ரோட்டை ஒரு தாளில் தனியாக எழுதி ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள், காட்டுக்கு நேரம் மிஞ்சும்.

ஊருக்குள்ளும் எல்லாருக்கும் ஒரே மனசு என்று நினைக்காதீர்கள். நூறு ஆடு வைத்திருப்பவருக்கும் சீமார் புல் அறுத்து விற்பவருக்கும் ஒரே இடம் ஒரே மாதத்தில் வேண்டும். தேன் எடுப்பவர் தைலமரத் தோட்டம் வேண்டாம் என்பார், கூலிக்குப் போகிறவர் நடவு வேலை வரட்டும் என்பார். யானை தின்ற மக்காச்சோளக்காரர் அகழி கேட்பார், அகழி வெட்டினால் பக்கத்து ஊர்க்காரர் தலையில் யானை போய் நிற்கும். ஊருக்கு வெளியேயும் பங்காளிகள் உண்டு: ரிசார்ட் வைத்திருப்பவர், எஸ்டேட், மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, ஆடி அமாவாசைக்கு வருகிற பக்தர்கள். சத்தியமங்கலம் காட்டு வழியாக ஏறும் திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் லாரியில் அடிபட்டுச் சாகிற விலங்குகள். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்தை நிறுத்தச் சொன்னது. மலைமேல் இருக்கும் தாளவாடிக்காரர்கள், விடிவதற்குள் சந்தை போகவேண்டிய தக்காளியும் முட்டைக்கோசும் என்ன ஆவது, ராத்திரியில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வது என்று கொதித்தார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை வந்தது. விலங்கைக் காப்பாற்ற நினைத்ததும் சரி, தாளவாடிக்காரர்கள் சொன்னதும் சரி. கேட்கவேண்டிய இரண்டு கேள்வியை முன்னாடியே கேட்டிருந்தால் மலைமேல் அத்தனை மறியல் நடந்திருக்காது.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் இதே கதைதான். காலங்காலமாகக் காட்டுக்குள் பட்டி போட்டு மலைமாடு வளர்த்த ஜனங்கள், 2024 ஜனவரியில் அந்தக் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனபோது, மேய்ச்சல் போய்விடும் என்று எதிர்த்தார்கள். சரணாலயம் வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கே இரண்டு மனசு உண்டு. ஆனால் பர்கூர் மாடு என்ற இனமே பட்டியில் உருவானது. பட்டி எங்கே, எத்தனை மாடு, எந்த மாதம் என்று மாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து எழுதாமல் அந்தக் காட்டுக்கு ஒரு திட்டம் எழுத முடியாது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆகவே உங்களுக்குள் சண்டையை முன்னாடியே போட்டு முடித்துவிடுங்கள். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கோண்டு ஊர்க்காரர்கள் எதையும் ஓட்டுக்கு விடமாட்டார்கள், எல்லாரும் ஒப்புகிறவரை பேசிக்கொண்டே இருப்பார்கள். விஷயத்தைப் படிப்பதற்கென்றே தனியாகக் கூடுவார்கள். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கினார்கள். அதற்கப்புறமும் அங்கே விளைந்த மூங்கிலை வெளியே கொண்டுபோகப் பாஸ் கிடைக்காமல் இழுபறி. 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து பாஸ் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுக்கவேண்டியிருந்தது. கையில் உரிமை இருந்தே இரண்டு வருஷம்.

கூட்டத்தன்று செய்யவேண்டியது கொஞ்சம்தான். கம்பார்ட்மென்ட் எண்ணோடு, மூன்று அல்லது நான்கு வேலையை மட்டும், ‘இன்ன இடத்தில் இன்ன மாதம் இன்னது செய்யவேண்டும், இன்னது கூடாது’ என்று தமிழில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பேசப் பெண்கள் இரண்டு பேராவது போகட்டும், விறகுக்கும் புல்லுக்கும் தினம் நடக்கிறவர்கள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வருகைப் பதிவேட்டில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சில இடங்களில் அது வருகைப் பதிவு இல்லை, ‘ஒப்புதல் அளிக்கிறோம்’ என்று இருக்கும். கிளம்பும்போது கூட்டக் குறிப்பின் நகலையும், வரைவின் இரண்டாம் பாகம் எப்போது பார்க்கக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். பதில் வரும்வரை மாசம் ஒரு தடவை போய் நில்லுங்கள், சலிக்காமல்.

இதெல்லாம் இருக்கட்டும், செவ்வாய் சந்தை நாள் என்றீர்களே. அன்றைக்குப் புல்லும் நெல்லிக்காயும் விற்கப் போகிறவர்கள் யாரும் வரமாட்டார்கள், வருவது வார்டு உறுப்பினரும் காண்ட்ராக்டரும்தான். நாளைக்கே ஒரு மனு கொடுங்கள், ஐந்தாறு பேர் கையெழுத்தோடு: கூட்டத்தை வேறு நாள் வையுங்கள், சாயங்காலம் வையுங்கள், ரேஞ்ச் ஆபீசில் வேண்டாம், எங்கள் ஊர்த் திடலில் வையுங்கள் என்று.